உப்பு ஜாடி கசியுதா, பீரோவை நகத்துங்க: மழைக்காலத்துல வீட்டுல பூஞ்சை பிடிக்காம பாத்துக்கறது எப்படி

நான் கரூர் பக்கத்துக்காரன். எங்க ஊர்ல பூசணம்னா ஊறுகாய் ஜாடி மேல எப்பயாவது பாக்கறதுதான், செவுத்துல எல்லாம் பாத்ததே இல்ல. சென்னைக்கு வேலைக்கு வந்து மொத கார்த்திகைல ஒரு கல்யாணத்துக்கு போலாம்னு பீரோவுக்கு அடில இருந்து ஷூவை எடுத்தா அதுல பச்சையா வெல்வெட்டு மாதிரி முடி மொளச்சு நிக்குது, பெல்ட்டும் அப்படித்தான், என்னடா இதுன்னு பீரோவை நகத்தி பாத்தா பின்னாடி செவுரு முழுக்க கறுப்பு புள்ளி புள்ளியா, யாரோ மை பேனாவ உதறிவிட்ட மாதிரி. அன்னிக்கே கடைல போய் ஏதோ ஒரு ஸ்ப்ரே வாங்கி அடிச்சு தொடச்சேன், மறுவாரம் பெயிண்ட் வாங்கி அது மேலயே ஒரு கோட்டிங் குடுத்தேன், மார்கழி பொறக்கறதுக்குள்ள பெயிண்டுக்கு மேல திரும்ப வந்துருச்சு. அடுத்த வருஷமும் இதே கதை. ரெண்டு வருஷம் காசை கொட்டினதுக்கு அப்புறம்தான் மண்டைல ஏறுச்சு, நான் மழைக்காலத்துல செய்ய வேண்டியத தையில செஞ்சுட்டும், தையில செய்ய வேண்டியத மழைக்காலத்துல செஞ்சுட்டும் இருந்திருக்கேன்னு.

சென்னை, கடலூர், நாகப்பட்டினம்னு கடலோர ஊருக்கு புதுசா குடி வந்திருக்கவங்க, முக்கியமா வாடகை வீட்டுல இருக்கவங்களுக்குதான் இத எழுதறேன். சொந்த வீட்டுக்காரங்களுக்கும் ஆகும்.

முதல்ல ஆளைத் தெரிஞ்சுக்கோங்க

பூஞ்சையோட வித்து காத்துல எப்பவும் இருக்கும், கண்ணுக்கு தெரியாது, எந்த வீட்டையும் அது இல்லாத வீடா மாத்த முடியாது. அது மொளைக்க மூணு வேணும். ஒன்னு சாப்பாடு. பெயிண்ட், செவுத்துல படிஞ்ச தூசி, துணில போட்ட கஞ்சி, பிளைவுட், புஸ்தக பைண்டிங்ல இருக்க பசை, தோலு, எது கிடைச்சாலும் தின்னும். ரெண்டு சூடு, நம்ம ஊரு 25, 30 டிகிரி அதுக்கு சொர்க்கம். மூணாவது ஈரம். முதல் ரெண்டையும் நாம ஒன்னும் பண்ண முடியாது, அதனால நம்ம சண்டை எல்லாம் ஈரத்தோடதான். ஒரு சாமான் நனைஞ்சா 24ல இருந்து 48 மணி நேரத்துக்குள்ள காய வச்சுட்டா பெரும்பாலும் தப்பிச்சுரலாம், அதுக்கு மேல போனா அது வேலைய ஆரம்பிச்சுரும். இந்த ஒரு கணக்க மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ சொல்ற எல்லாமே இதுல இருந்து வர்றதுதான்.

சென்னைக்கு வருஷத்துக்கு சுமாரா 1400 மில்லிமீட்டர் மழை, அதுல பாதிக்கு மேல அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள கொட்டிரும். ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழைன்னு சும்மாவா சொன்னாங்க. ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு கீழ இருந்தா பூஞ்சை வராதுன்னு எல்லாரும் எழுதுவாங்க, அது சரிதான், ஆனா கார்த்திகைல விடியக்காத்தால இங்க வெளில 90க்கு மேல இருக்கும், ஏசி இல்லாம 60க்கு கொண்டு வரணும்னா வீட்டையே கரூருக்கு தூக்கிட்டு போகணும். அதனால முழு வீட்டையும் காய வைக்கிற ஆசைய விட்டுருங்க. செவுரு, பீரோ, பாத்ரூம் இந்த மூணு இடத்துல தண்ணி தங்காம பாத்தா போதும்.

ஈரத்த அளக்க உப்பு ஜாடி

ஈரப்பதம் காட்டற குட்டி மீட்டர் சில நூறு ரூபாய்க்கு ஆன்லைன்ல கிடைக்குது, வாங்கினா நல்லது. ஆனா அது வர்றதுக்கு முன்னாடியே உங்க அடுப்படில ஒன்னு இருக்கு. எங்கம்மா போன்ல மொத வார்த்தையா கேக்கறதே, "ஏங் கண்ணு, அங்க உப்பு கசிஞ்சுருச்சா?"ன்னுதான். நான் ரொம்ப நாள் அத சமையல் விசாரிப்புன்னு நெனச்சுட்டு இருந்தேன். விஷயம் என்னன்னா சுத்தமான உப்பு காத்துல ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினாதான் தண்ணி விட ஆரம்பிக்கும், கல்லுப்புல கொஞ்சம் மெக்னீசியம் உப்பும் கலந்திருக்கும், அதனால அது இன்னும் கொஞ்சம் முன்னாடியே கசியும். ஜாடிய தெறக்கும்போது உப்பு ஈரமா ஸ்பூன்ல ஒட்டுதுன்னா உங்க பீரோவுக்கு பின்னாடியும் அதே காத்துதான் நிக்குது. அன்னைல இருந்து மழைக்கால வேலைகள ஆரம்பிச்சுருங்க. முறுக்கு நமுத்து போறதும் இதே சேதிதான், ஆனா எங்க வீட்ல முறுக்கு அவ்ளோ நாள் தங்காது.

அடுத்து செவுத்த படிங்க

இதுதான் முக்கியமான ஸ்டெப், இத பண்ணாம யாரும் ஒரு ரூபா கூட செலவு பண்ணாதீங்க. கறை எந்த எடத்துல, எந்த வடிவத்துல இருக்குன்னு பாத்தாலே தண்ணி எங்க இருந்து வருதுன்னு முக்கால்வாசி தெரிஞ்சுரும்.

தரையில இருந்து ஆரம்பிச்சு முட்டி, இடுப்பு உயரம் வரைக்கும் செவுரு பொரிஞ்சு, பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பி, வெள்ளையா பொடி உதிருதுன்னா அது ஓதம். மண்ணுல இருக்க தண்ணிய செங்கல் உறிஞ்சி மேல ஏத்துது. கிரவுண்ட் ஃப்ளோர் வீட்டுலதான் இது வரும், பழைய வீடுகள்ல ரொம்ப சகஜம். இன்னொன்னு, வெளில செவுத்த ஒட்டி மண்ணு, தொட்டி, ஜல்லி ஏதாவது குவிச்சு வச்சிருந்தாலும் வரும், அத அள்ளி போட்டாலே பாதி கொறையும்.

சீலிங்ல வட்டமா, ஓரம் மட்டும் பழுப்பா டீ கறை மாதிரி இருந்தா மேல இருந்து ஒழுகுது. மழை பெஞ்சா மட்டும் பெருசாகுதுன்னா மொட்டை மாடி. மழையே இல்லாம வெயில் காலத்துலயும் ஈரமா இருந்தா மேல் வீட்டு பாத்ரூம், இல்ல செவுத்துக்குள்ள போற பைப்பு. மேல் வீட்டுக்காரங்க "எங்க வீட்ல லீக் எல்லாம் இல்ல தம்பி"ன்னு சாதிப்பாங்க, சண்டை போடாதீங்க, கலர் பொடி கரைச்ச தண்ணிய அவங்க பாத்ரூம் தரைல ஊத்தி விடச் சொல்லுங்க, நாணி ட்ராப் (தரைத்தண்ணி வெளிய போற ஓட்டை) ஓரத்துலயோ டைல்ஸ் இடுக்குலயோ எறங்குச்சுன்னா ஒன்னு ரெண்டு நாள்ல உங்க சீலிங்ல அதே கலர் தெரியும். அதுக்கு மேல பேச்சே தேவைப்படாது.

ஜன்னலுக்கு கீழ ரெண்டு மூலைல இருந்து தாடி மாதிரி எறங்கினா மழைத்தண்ணி சன்ஷேட் மேலயோ ஜன்னல் சட்டத்துக்கும் செவுத்துக்கும் நடுவுல இருக்க இடுக்குலயோ உள்ள வருது. இங்க மழை வடகிழக்குல இருந்து சாய்ஞ்சு அடிக்கும், அதனால வடக்கு, கிழக்கு பாத்த செவுருதான் அதிகமா வாங்கும். வெளில போய் பாருங்க, முடி மாதிரி ஒரு விரிசல் போதும்.

எங்கயும் ஒழுகல் இல்ல, ஆனா ரூமோட மேல் மூலை, பீரோ பின்னாடி, கட்டில் தலைமாட்டுக்கு பின்னாடி மட்டும் கறுப்பு புள்ளி இருக்குன்னா அது உள்ள இருக்க காத்து ஓடாம நின்னு, செவுத்துல வேர்த்து வந்தது. என் வீட்டுல இதுதான் பிரச்சனை. இதுக்கு பெயிண்டரே வேண்டாம்.

எதுன்னு குழப்பமா இருந்தா ஒரு பாலிதீன் கவரையோ பார்சல் கட்டற அலுமினியம் ஃபாயிலையோ ஒரு முழம் சதுரத்துக்கு வெட்டி, சந்தேகமான செவுத்துல நாலு பக்கமும் காத்து போகாம டேப் ஒட்டிடுங்க. செவுரு நல்லா காஞ்சிருக்க எடம்னா டேப் ஒட்டும், ஒட்டவே மாட்டேங்குதுன்னா அதுவே ஒரு பதில். ஒன்னு ரெண்டு நாள் விட்டு பாருங்க. கவருக்கு உள்பக்கம், அதாவது செவுத்துப் பக்கம் வேர்த்திருந்தா தண்ணி செவுத்துக்குள்ள இருந்து வருது. ரூம் பக்கம் வேர்த்திருந்தா காத்துல இருந்து வருது. ஓசில கிடைக்கிற பரிசோதனை இதவிட நல்லது எனக்கு தெரியல.

இன்னொரு குழப்பம், வெள்ளையா பூத்திருக்கறது எல்லாம் பூஞ்சை கெடையாது. செங்கல்ல இருந்து உப்பு வெளிய வந்து பூக்கும், அத "உப்பு பூத்துருச்சு"ன்னு கொத்தனாருங்க சொல்வாங்க. கொஞ்சம் சுரண்டி ஒரு ஸ்பூன் தண்ணில போடுங்க, கரைஞ்சு போச்சுன்னா உப்பு. கறுப்பா இருக்கறது அழுக்கா பூஞ்சையான்னு தெரியலைன்னா ஒரு சொட்டு ப்ளீச் வச்சு ரெண்டு நிமிஷம் பாருங்க, வெளுத்துச்சுன்னா பூஞ்சை, அப்படியே இருந்தா வெறும் அழுக்கு.

ஐப்பசி கார்த்திகைல தினமும் செய்ய வேண்டியது

இந்த ரெண்டு மாசத்துல பெயிண்ட் அடிக்காதீங்க, பட்டி வைக்காதீங்க, யாரு என்ன ஆஃபர் சொன்னாலும் சரி. ஈர செவுத்துக்கு மேல பிளாஸ்டிக் பெயிண்ட் அடிச்சா உள்ள இருக்க தண்ணி வெளிய போக வழி இல்லாம அதுவே உப்பி எடுத்துக்கும். இந்த சமயத்துல வேலை ஒன்னுதான், தாக்கு புடிக்கறது.

பீரோ, ஷெல்ஃப், சோபா, கட்டில் எல்லாத்தையும் செவுத்துல இருந்து நாலு விரக்கட தள்ளி வைங்க. வெளிச் செவுத்துல சாத்தினதுன்னா இன்னும் தள்ளுங்க, முடிஞ்சா உள்செவுரு பக்கமே மாத்திருங்க. பீரோவுக்கு அடில நாலு செங்கல் முட்டு குடுங்க. தரைல மெத்தை போட்டு படுக்கற பேச்சிலருங்க, உங்களத்தான் சொல்றேன், தினமும் காலைல மெத்தைய செவுத்துல சாச்சு நிறுத்துங்க. ராத்திரி பூரா உங்க வேர்வை மெத்தைல எறங்கி, அடில டைல்ஸ் சில்லுனு இருக்கறதால அங்கயே தங்கிரும், ஒரு மாசம் கழிச்சு திருப்பி பாத்தா நீங்களே அதுல படுக்க மாட்டீங்க.

ஜன்னல எப்ப தெறக்கறதுங்கறது ஒரு கலை. மழை பெய்யும்போதும் ராத்திரியும் விடியக்காலைலயும் தெறந்து வச்சா வெளில இருக்க ஈரத்த நாமளே கூப்புட்டு உள்ள உக்கார வைக்கிறோம். மழை விட்டு வெயில் எட்டி பாக்கும்ல, பதினொரு மணில இருந்து மூணு மணிக்குள்ள, அப்ப எதிரும் புதிருமா ரெண்டு ஜன்னல தெறந்து ஃபேன போட்டு பீரோ கதவையும் தெறந்து விடுங்க. வேலைக்கு போறவங்க சனி ஞாயிறாவது பண்ணுங்க.

துணி காயப்போடறதுதான் பெரிய வில்லன். ஒரு பக்கெட் ஈரத்துணி வீட்டுக்குள்ள காயுதுன்னா ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் தண்ணி நம்ம காத்துல கலக்குது, அது எங்க போகும், பீரோ பின்னாடிதான் போகும். மெஷின்ல ரெண்டு தடவ ஸ்பின் விடுங்க. பெட்ரூம்ல கொடி கட்டாதீங்க. ஒரே ஒரு ரூம்ல போட்டு, கதவ சாத்தி, ஃபேன வேகமா வச்சு அந்த ரூம் ஜன்னல கொஞ்சம் தெறந்து விடுங்க. ஏசி இருக்க ரூம்னா ஜன்னல சாத்திட்டு ட்ரை மோட்ல ரெண்டு மூணு மணி நேரம் ஓட்டினா துணியும் காயும், அந்த தண்ணி ஏசி பைப்பு வழியா வெளிய போயிரும்.

பாத்ரூம்ல குளிச்சு முடிச்சதும் வைப்பரால தரையையும் டைல்ஸையும் ஒரு இழு, ஒரு நிமிஷ வேலை. எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தா குளிக்கும்போது மட்டும் இல்லாம அப்புறமும் அரை மணி நேரம் ஓடட்டும். அடுப்படிலயும் அதே கதைதான், இட்லி அவிக்கும்போதும் குக்கர் விசில் அடிக்கும்போதும் எக்ஸாஸ்ட் போடுங்க. வெளிய பைப்பு போகாத, கரி ஃபில்டர் மட்டும் வச்ச சிம்னி சில வீட்ல இருக்கும், அது எண்ணெய்ப் புகைய ஓரளவு புடிக்குமே தவிர ஆவிய அப்படியே திரும்ப உங்க மூஞ்சிலதான் விடும். அத நம்பி ஜன்னல சாத்தாதீங்க. ஃப்ரண்ட் லோட் வாஷிங் மெஷின் இருந்தா ரப்பர் வளையத்த தொடச்சுட்டு கதவ லேசா தெறந்தே வைங்க.

ஏசி பத்தி ஒரு விஷயம். மழைக்காலத்துல நம்ம ஊரு காத்து 23, 24 டிகிரிக்கு கீழ குளிர்ந்த எதத் தொட்டாலும் வேர்க்கும், ஐஸ் வாட்டர் டம்ளர் வேர்க்குற மாதிரி. ராத்திரி பூரா 18ல வச்சு தூங்கிட்டு காலைல ஆஃப் பண்ணி ஜன்னல தெறந்தீங்கன்னா அந்த சில்லுனு இருக்க செவுரு முழுக்க தண்ணி கோர்த்துக்கும், அந்த செவுத்துக்கு அந்தப் பக்கம் ஏசி இல்லாத ரூம் இருந்தா அங்கயும் சேர்த்து. 26ல வச்சு ஃபேன் போட்டுக்கோங்க. ஃபில்டர ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ கழுவுங்க. ஏசி போட்டதும் மொத அஞ்சு நிமிஷம் அழுக்கு சாக்ஸ் வாடை வருதுன்னா உள்ள காயில்லயே பூஞ்சை புடிச்சிருக்கு, சர்வீஸ்காரரத்தான் கூப்புடணும்.

பீரோக்குள்ள

கஞ்சி போட்ட காட்டன் பொடவை, வேட்டிய மழைக்காலத்துல மடிச்சு உள்ள வைக்காதீங்க, கஞ்சிங்கறது பூஞ்சைக்கு நாம வச்ச விருந்து. அலசிட்டு வைங்க, கட்டும்போது போட்டுக்கலாம். பட்டுப் பொடவைய பிளாஸ்டிக் கவர்ல இருந்து எடுத்து பழைய காட்டன் வேட்டித் துணில சுத்தி வைங்க. தீபாவளிக்கு கட்டிட்டு வேர்வையோட உள்ள தள்ளாம நெழல்ல ஃபேன் காத்துல ஒரு நாள் ஆற விடணும், நேர் வெயில் பட்டுக்கு ஆகாது. இஸ்திரி போட்டு வந்த துணிய சூட்டோட அடுக்காதீங்க, அதுல ஆவி இருக்கும்.

அந்துருண்டை, சூடம் எல்லாம் பூச்சிக்குத்தான், ஈரத்த ஒன்னும் பண்ணாது, வாடைய மறைக்கும் அவ்ளோதான். கைக்குழந்தை இருக்க வீட்ல அந்துருண்டைய நான் வேண்டாம்னே சொல்வேன், ஜி6பிடி குறைபாடு (ரத்த சிவப்பணுல ஒரு என்சைம் கம்மியா இருக்கறது) இருக்க குழந்தைக்கு அதுல இருக்க நாப்தலீன் ரத்தத்தையே பாதிக்கும், அந்த குறைபாடு இருக்கறதே பல பேருக்கு தெரியாது. ஈரத்த உறிஞ்சணும்னா கால்சியம் குளோரைடு டப்பா விக்குது, அடில தண்ணி சேரும், வேலை செய்யுதுங்கறத கண்ணாலயே பாக்கலாம், அந்த தண்ணி துணிலயும் தோலுலயும் பட்டா கெடுதல், சாயாம வைங்க. சர்டிஃபிகேட்டு, பத்திரம், கேமரா லென்ஸ் இதெல்லாம் காத்து போகாத டப்பால சிலிக்கா ஜெல்லோட. கலர் மாறற உருண்டையா வாங்கினா தெரிஞ்சுக்கலாம். கலர் மாறினா திரும்ப சூடு பண்ணி காய வச்சுக்கலாம், ஆனா சமைக்கிற வாணலில வறுக்காதீங்க, சில நீலக் கலர் உருண்டைல கோபால்ட் இருக்கு. கொலு பொம்மை காகிதக் கூழ்ல செஞ்சதா இருந்தா நவராத்திரி முடிஞ்சு கட்டி பரண்ல போடறதுக்கு முன்னாடி ஒரு நல்ல வெயில் நாளா பாத்து கட்டுங்க, இல்லைன்னா அடுத்த வருஷம் செட்டியார் மூஞ்சில மீசைக்கு பதிலா வேற ஏதோ மொளச்சிருக்கும்.

வந்துருச்சு, இப்ப என்ன பண்றது

அளவ பாருங்க. ரெண்டு பேப்பர விரிச்சு வச்ச அளவு, கிட்டத்தட்ட பத்து சதுர அடி வரைக்கும் நாமளே சுத்தம் பண்ணலாம். அதுக்கு மேலன்னா ஆள் வச்சு பாருங்க. வீட்ல ஆஸ்துமா, வீசிங் இருக்கவங்க, புற்றுநோய் மருந்து எடுக்கறவங்க, சுகர் கட்டுக்குள்ள இல்லாதவங்க இந்த வேலைல கை வைக்க வேண்டாம், அந்த ரூம்லயே இருக்க வேண்டாம்.

என்95 மாஸ்க், ரப்பர் க்ளவுஸ், கண்ணுக்கு ஏதாவது ஒன்னு. ரூம் கதவ சாத்துங்க, ஜன்னல தெறங்க, ஃபேன ஆஃப் பண்ணுங்க. தொடப்பத்தாலயோ காஞ்ச பிரஷ்ஷாலயோ தட்டாதீங்க, நான் மொத தடவ அததான் செஞ்சேன், வித்து எல்லாம் வீடு பூரா பறந்து போய் உக்காந்துச்சு. மொதல்ல சோப்புத்தண்ணிய ஸ்ப்ரே பண்ணி நனைங்க, அப்புறம் நனைச்ச துணியால அழுத்தி வழிச்சு எடுங்க, அந்த துணிய கவர்ல கட்டி குப்பைல போட்டுருங்க, அலசி திரும்ப யூஸ் பண்ணாதீங்க. டைல்ஸ், கண்ணாடி, பிளாஸ்டிக் மாதிரி உறிஞ்சாத எடத்துல மட்டும் ப்ளீச், லிக்விட் ப்ளீச் ஒரு டம்ளருக்கு பதினாறு டம்ளர் தண்ணி. செவுரு, மரம் மாதிரி உறிஞ்சற எடத்துல ப்ளீச் மேலாக்க வெளுக்க வைக்கும், அதுல இருக்க தண்ணி மட்டும் உள்ள போயி வேருக்கு பாய்ச்சின மாதிரி ஆயிரும். அங்க சோப்புத்தண்ணியால தொடச்சு காய வச்சுட்டு, நாட்டு மருந்துக் கடைல வெங்காரம் கேட்டு வாங்கி வெந்நீர்ல கரைச்சு தடவி அப்படியே காய விடுங்க. குழந்தைங்க கைக்கு எட்டாம வைக்கணும், அது சாப்புடற பொருள் இல்ல.

ரொம்ப முக்கியம், ப்ளீச்சோட டாய்லெட் கழுவற ஆசிட்டையோ வினிகரையோ அம்மோனியா கலந்த கண்ணாடி க்ளீனரையோ சேக்கவே சேக்காதீங்க. ஆசிட்டோட சேந்தா குளோரின் வாயு வரும், சின்ன பாத்ரூம்ல அது நெஞ்ச புடிச்சுரும். ரெண்டும் அழுக்க எடுக்குதே, சேத்து அடிச்சா இன்னும் நல்லா போகுமேன்னு தோணும், எனக்கும் தோணுச்சு.

தோலு சாமான் ஷூ, பெல்ட், பேக் இதெல்லாம் வெளில கொண்டு போய் தொடச்சு, ஸ்பிரிட் தொட்ட துணியால லேசா ஒரு தடவ தடவி, நெழல்ல காய வச்சு பாலிஷ் போடுங்க. தலகாணி, பஞ்சு மெத்தைல உள்ள வரைக்கும் புடிச்சிருந்தா தூக்கி போடறதுதான், மனசு வராது, ஆனா வேற வழி இல்ல. பிரெட்டுல ஒரு ஓரம் பச்சையா இருந்தா அந்த ஓரத்த மட்டும் பிச்சு போட்டுட்டு சாப்புடற பழக்கம் வேண்டாம். நிலக்கடலைல பூசணம் பாத்தா வறுத்தா சரியாயிரும்னு நெனைக்காதீங்க, அதுல வர்ற அஃப்லாடாக்ஸின்ங்கற விஷம் நம்ம வறுக்கற சூட்டுல முழுசா போகாது.

கறுப்பா இருக்கேன்னு பயந்து எனக்கு மெசேஜ் பண்றவங்க இருக்காங்க, 2021ல கொரோனாவோட வந்த கருப்பு பூஞ்சைதானே இதுன்னு. இல்ல. அது மியூகர் வகை, சுகர் ஏகத்துக்கு ஏறினவங்க, ஸ்டீராய்டு எடுத்தவங்க உடம்புல புகுந்தது, திசு செத்து கறுத்ததால அந்த பேரு. செவுத்துல இருக்கறது பெரும்பாலும் வேற குடும்பம். அதுக்காக இத சும்மா விடலாம்னு இல்ல, காலைல எந்திரிச்சதும் வரிசையா தும்மல், குழந்தைக்கு ராத்திரி மட்டும் இருமல், ஊருக்கு போனா சரியாகுது திரும்பி வந்தா வருதுன்னா ரூம சந்தேகப்படுங்க, டாக்டர்கிட்டயும் வீட்ல பூஞ்சை இருக்குன்னு வாய விட்டு சொல்லுங்க.

2015 டிசம்பர்லயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் ஆன மாதிரி வெள்ளத்தண்ணியே வீட்டுக்குள்ள வந்துருச்சுன்னா கணக்கு வேற. மெயின ஆஃப் பண்ணாம உள்ள கால் வைக்காதீங்க. சேறு காயறதுக்குள்ள கழுவி தள்ளணும், காஞ்சா கல்லாயிரும். நனைஞ்ச பிளைவுட் ஷெல்ஃப காப்பாத்த நெனைக்கிறது பெரும்பாலும் வீண். செவுரு மேலாக்க காஞ்ச மாதிரி தெரியும், உள்ள காய மாசக்கணக்குல ஆகும், அது வரைக்கும் எதையும் சாத்தாம வைங்க.

தை பொறந்ததும்

நிஜமான ரிப்பேருக்கு இதான் நேரம். பெரியவங்க போகிக்கு வீட்ட ஒழிச்சு சுண்ணாம்பு அடிச்சது சும்மா அழகுக்குன்னுதான் நானும் நெனச்சேன். யோசிச்சு பாருங்க, அடைமழை முடிஞ்சு வெயில் வந்த உடனே எல்லா சாமானையும் வெளிய எடுத்து, செவுத்த சுரண்டி, காரத்தன்மை ஜாஸ்தியா இருக்க சுண்ணாம்ப பூசறாங்க. அந்த காரத்துல பூஞ்சை மொளைக்கவே கஷ்டம், போதாததுக்கு சுண்ணாம்பு வழியா செவுரு மூச்சு விடும், உள்ள இருக்க ஈரம் வெளிய போகும். ஓதம் அடிக்கற செவுத்துக்கு இன்னிக்கும் அதவிட மலிவா நல்லது கெடையாது, ஆனா ஏற்கனவே பிளாஸ்டிக் பெயிண்ட் இருந்தா அத முழுசா சுரண்டாம சுண்ணாம்பு ஒட்டாது. சொல்லிட்டேன்.

மொட்டை மாடில மொதல்ல மழைத்தண்ணி எறங்கற பைப்பு வாயில இருக்க எலை, கவர் எல்லாத்தையும் எடுங்க, பாதி ஒழுகல் அங்கயே நிக்கும். அப்புறம் அந்த வாயை அடைச்சு, சந்தேகமான எடத்த சுத்தி பாத்தி கட்டி ரெண்டு மூணு இன்ச் தண்ணி நிறுத்தி ஒன்னு ரெண்டு நாள் பாருங்க. கீழ கறை பெருசாச்சுன்னா தட்டோடு இடுக்கு விட்டிருக்கு, இல்ல கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்ற மூலைல விரிசல். வெளில இருந்து வர்ற தண்ணிய வெளிலதான் அடைக்கணும், உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடிக்கறது குடை இருக்க எடத்துல ரெயின்கோட்ட பனியனுக்கு உள்ள போட்டுக்கற மாதிரி. அடைச்சதுக்கு அப்புறம் காய விட்டு, அந்த பாலிதீன் சோதனைய திரும்ப பண்ணி, வேர்க்கலைன்னாதான் பெயிண்டர கூப்புடுங்க. புதுசா பூசின சிமெண்ட் பூச்சுன்னா கொறஞ்சது நாலு வாரம். பூஞ்சை எதிர்ப்பு பெயிண்ட் நல்லதுதான், காஞ்ச செவுத்துக்கு மேல மட்டும்.

ஹவுஸ் ஓனர்கிட்ட பேசறது

எனக்கு கெடச்ச பதில் "நீங்க ஜன்னலே தெறக்கறது இல்ல சார், அதான்". பாதி உண்மைதான். அதனால மொதல்ல மேல சொன்ன சோதனைய பண்ணிட்டு போங்க. செவுத்துக்குள்ள இருந்து வருதுன்னு தெரிஞ்சா கறைய சுத்தி பென்சில்ல கோடு போட்டு, பக்கத்துல தேதிய எழுதி போட்டோ எடுங்க, வாரம் ஒன்னு, அத வாட்ஸப்ல மரியாதையா அனுப்புங்க. கோடு தாண்டி வளர்றத பாத்தா யாரும் ஜன்னல் கதை பேச மாட்டாங்க. அட்வான்ஸ்ல பெயிண்டிங் காசு கழிக்கும்போதும் இந்த போட்டோ உதவும். கேக்கறதையும் மாசி மாசம் பண்ணுங்க, ஐப்பசில கேட்டா அவராலயும் ஒன்னும் பண்ண முடியாது.

வீடு பாக்க போறவங்களுக்கு

வெயில் காலத்துல எல்லா வீடும் நல்லா இருக்கும். ஒரே ஒரு செவுரு மட்டும் புதுசா பெயிண்ட் வாசனையோட இருந்தா ஏன்னு கேளுங்க. ஊதுவத்தி ரொம்ப புகைஞ்சா நான் உஷாராயிருவேன். செவுத்து அலமாரிய தெறந்து தலைய உள்ள விட்டு மோந்து பாருங்க, சிங்குக்கு அடில பாருங்க, பரண்ல டார்ச் அடிங்க, சுவிட்ச் போர்டு ஸ்க்ரூ துரு புடிச்சிருக்கான்னு பாருங்க. பாத்ரூமுக்கு வெளிய பாத்த ஜன்னலோ வென்டிலேட்டரோ இல்லைன்னா அந்த வீட்ட விட்டுருங்க, வாடகை எவ்ளோ கொறச்சாலும். அப்புறம் கீழ எறங்கி வரும்போது தெருமுனைல இஸ்திரி போடறவர்கிட்ட நாலு சட்டைய குடுத்துட்டு, "அண்ணே, இந்த வீட்டுக்காரங்க துணி மழைக்காலத்துல எப்படி வரும்?"னு கேளுங்க. புரோக்கர் சொல்லாதத அவர் சொல்வார், எனக்கு சொன்னார், நான்தான் அட்வான்ஸ் குடுத்ததுக்கு அப்புறம் கேட்டேன்.